தெர்மாமீட்டரைப் பார்த்துத் தீனி போடுங்கள்

மலைத் தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

கோத்தகிரியில் என் வீட்டுப் பின்புறம் உள்ள மீன், கீரைத் தொட்டியைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்ததும் இந்த மாதப் பக்கம் முழுவதையும் அக்வாபோனிக்ஸுக்கே, அதாவது மீனையும் செடியையும் ஒரே நீரில் வளர்க்கும் முறைக்கே, கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் லிட்டர் தொட்டியில் சாதாக் கெண்டை. அந்த நீரைச் சின்ன மோட்டார் ஒன்று ஜல்லி நிரப்பிய படுகைக்கு ஏற்றுகிறது. அங்கே பாலக், கொத்தமல்லி, செலரி, லெட்யூஸ். நீர் வடிந்து மீண்டும் தொட்டிக்கே வருகிறது. மீன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றும். ஜல்லியில் ஒட்டி வாழும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்தான் செடிக்கு உணவு. முதல் இரண்டும் மீனுக்கு விஷம்.

புத்தகத்திலும் வீடியோவிலும் வரும் அளவுகள் பெரும்பாலும் 25 டிகிரிக்கு மேல் இருக்கும் நீருக்குச் சொல்லப்பட்டவை. நம் மலையில் அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டதால்தான் பாதிப் பேர் எனக்குக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்கிறது.

யூடியூபில் எல்லோரும் திலாப்பியாதான் வளர்க்கிறார்கள். வேகமாக வளரும் என்கிறார்கள். எங்கள் ஊரில் வருமா? இல்லையென்றால் வேறு எந்த மீன் போடலாம்?
ஆர்.எஸ்., லவ்டேல்

வராது ஐயா. ஜிலேபி என்று நாம் வாங்கிச் சாப்பிடும் அந்த மீனுக்கு 27 முதல் 30 டிகிரி வரை நீர் வேண்டும். 17க்குக் கீழே இறங்கினால் தீனியைத் தொடாது. 11, 12 டிகிரியில் சாக ஆரம்பித்துவிடும். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும் ஊர் உங்களுடையது.

ஹீட்டர் போட்டால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். ஆயிரம் லிட்டர் நீரை ஒரே ஒரு டிகிரி உயர்த்த 1.16 யூனிட் கரண்ட் ஆகும். பத்து டிகிரி உயர்த்த ஏறத்தாழ 12 யூனிட். ராத்திரி முழுக்க இழக்கும் சூட்டை மறுநாளும் கொடுக்க வேண்டும், அதற்கு மறுநாளும் கொடுக்க வேண்டும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்தான் இலவசம். அதில் 40 வாட் மோட்டார் ஒன்று இரவு பகலாக ஓடினாலே 58 யூனிட் போய்விடும், 20 வாட் ஏர் பம்ப் இன்னொரு 29 எடுக்கும். மிச்சமிருப்பதை வைத்து ஒரு தொட்டியைச் சூடாக்க முடியாது.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பவர்கள், மேலே பாலித்தீன் கூடாரம் போட்டால் திலாப்பியாவை யோசித்துப் பார்க்கலாம். அப்போதும் மீன்வளத் துறையிடம் அனுமதி பெற்றுத்தான் வளர்க்க வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். அது நம் நாட்டில் தடை செய்யப்பட்ட மீன். கட்லாவும் ரோகுவும் சமவெளி மீன்கள், நம் நீரில் அவை வளராமல் அப்படியே நிற்கும்.

ட்ரவுட் பற்றிக் கேட்கிறவர்கள் உண்டு. அவலாஞ்சியில் 1907லேயே அதற்குக் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள், குளிர் அதற்குப் பிடித்தமானதுதான். ஆனால் அது ஓடும் நீரின் மீன். கரைந்த ஆக்சிஜன் எப்போதும் மிகுதியாக இருக்க வேண்டும், தீவனத்தில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் வேண்டும். கரண்ட் போனால் வீட்டுத் தொட்டியில் அது தாங்காது.

உங்களுக்கு நான் சொல்வது சாதாக் கெண்டை. அதன் ஒரு வகையான கண்ணாடிக் கெண்டையை, உடம்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய செதில் இருக்குமே அதை, 1939ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். நம் குளிருக்குப் பழகிய சாதி. நீர் 5 டிகிரிக்கு இறங்கினாலும் அடியில் அசையாமல் கிடந்து பிழைத்துக்கொள்ளும். மெதுவாகத்தான் வளரும், முள்ளும் அதிகம். ஆனால் புளி தூக்கலாக வைத்த குழம்பில் அதன் ருசிக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. சமைப்பதற்கு முன் இரண்டு நாள் தீனி இல்லாமல் தனியாகச் சுத்தமான நீரில் விட்டு வைத்தால் சேற்று வாடை போய்விடும். மீன் சாப்பிடாத வீடு என்றால் தங்க மீனோ கோய் மீனோ விடுங்கள்; செடிக்கு எல்லாம் ஒன்றுதான்.

குஞ்சுகளைக் கீழேயிருந்து கொண்டுவருவதில்தான் பலருக்கும் இழப்பு ஏற்படுகிறது. பவானிசாகர் அரசு மீன் பண்ணை போன்ற இடங்களில் குஞ்சு இருக்கும் நீர் 28 டிகிரி. மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறி வந்து, 15 டிகிரி தொட்டியில் நேராகக் கொட்டினால் எந்த மீனும் தாங்காது. மார்ச் முதல் மே வரை கொண்டுவாருங்கள், அப்போதுதான் நம் தொட்டி நீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். பையைத் திறக்காமல் தொட்டியில் மிதக்க விடுங்கள். பிறகு பைக்குள் ஒரு டம்ளர் தொட்டி நீர், கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் மாறக் கூடாது. அன்று முழுவதும் இதற்காகவே ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் லிட்டருக்கு விரல் நீளக் குஞ்சு இருபது போதும்.

தீனி விஷயம் இதைவிட முக்கியம். ஒரு சாதாரண தெர்மாமீட்டரைத் தொட்டியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். நீர் 22 டிகிரிக்கு மேல் இருந்தால் மீன்களின் மொத்த எடையில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு தீனி கொடுக்கலாம். 18 என்றால் அதில் பாதி. 15க்குக் கீழே, மதியம் வெயில் இருக்கும்போது ஒரு சிட்டிகை, அதுவும் ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு மட்டும். 10க்குக் கீழே ஒன்றும் போடாதீர்கள். மீன் பட்டினி கிடக்கிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், எனக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் குளிரில் அதன் உடம்பு தீனியைக் கேட்பதில்லை. மிஞ்சிய தீனி அழுகி அமோனியாவாகும், அதைக் கையாள வேண்டிய பாக்டீரியாவும் அதே குளிரில் ஒடுங்கிக் கிடக்கும்.

டிசம்பரில் தொட்டி ஆரம்பித்தேன். ஆறு வாரத்தில் தயாராகிவிடும் என்றார்கள். பிப்ரவரி முடியப் போகிறது, நைட்ரைட் இன்னும் இறங்கவில்லை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. நான் என்ன செய்ய வேண்டும்?
கே. வி., கட்டபெட்டு

மீன் மேலே வந்து வாயைத் திறப்பது நைட்ரைட் அதன் இரத்தத்தில் ஏறிவிட்டதன் அடையாளம், சகோதரி. நீரில் ஆக்சிஜன் இருந்தாலும் அதை எடுத்துச் செல்ல இரத்தத்தால் முடியாமல் போகிறது. செவுள் சிவப்பாக இல்லாமல் பழுப்பாகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியவற்றை முதலில் சொல்கிறேன். தீனியை அடியோடு நிறுத்துங்கள். தொட்டியின் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். புது நீர் பஞ்சாயத்துக் குழாயில் வருவதென்றால் குளோரின் போக ஒரு நாள் முழுக்கத் திறந்த டிரம்மில் வைத்து, ஏர் பம்ப் ஓடவிட்டுப் பிறகு ஊற்றுங்கள். அப்புறம் ஆயிரம் லிட்டருக்கு 100 கிராம் கல் உப்பு, அயோடின் சேர்க்காதது. ஒரு வாளியில் கரைத்து ஊற்றுங்கள். உப்பில் இருக்கும் குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். நம் மலை நீர் மிகவும் மென்மையான நீர், அதில் இயற்கையாகக் குளோரைடு மிகக் குறைவு. அதனால் கீழே ஒன்றும் செய்யாத நைட்ரைட் அளவு இங்கே மீனைப் படுக்க வைத்துவிடும். மாற்றும் நீருக்கு ஏற்ப உப்பைக் கணக்கிட்டுச் சேருங்கள், ஆனால் ஒவ்வொரு வாரமும் 100 கிராம் என்று கொட்டிக்கொண்டே போகாதீர்கள். சோடியம் சேர்ந்தால் கீரை கருகும்.

இனி, ஏன் இவ்வளவு நாள் என்ற கேள்வி. அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் 25 டிகிரிக்கு மேல் துள்ளிக்கொண்டு வேலை செய்யும். 18 டிகிரியில் அவை பெருகும் வேகம் ஏறத்தாழ பாதி, 10க்கு அருகில் கால் பங்கு. சமவெளியில் ஐந்தாறு வாரத்தில் முடிகிற காரியம் உங்களுக்கு மூன்று மாதம் ஆவதில் ஆச்சரியமே இல்லை. உங்கள் தொட்டியில் பழுது ஒன்றும் இல்லை, ஆரம்பித்த மாதம்தான் குளிர் மாதம். இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்கள் மார்ச்சில் தொடங்குங்கள்.

வேகப்படுத்த ஒரே நல்ல வழி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்னொருவர் படுகையிலிருந்து ஈரம் காயாத ஜல்லி ஒரு வாளி வாங்கி வந்து உங்கள் படுகையில் கலப்பது. அவர் தொட்டியில் நோய் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். இன்னொன்று, தொட்டியைச் சுற்றித் தெர்மாகோல் பலகை கட்டுங்கள், மேலே மூடி போடுங்கள். புதிதாக அமைப்பவர்கள் தொட்டியின் பாதியை மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள். மண் காற்றைப் போல ராத்திரியில் சில்லிட்டுப் போவதில்லை. குளிர்கால இரவில் மோட்டாரையும் தொடர்ந்து ஓட்ட வேண்டாம். ஜல்லியில் பரவி ஓடும் நீர் ராத்திரிக் காற்றில் சூட்டை எல்லாம் விட்டுவிட்டு வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கால் மணி நேரம் போதும். ஆனால் தொட்டியில் ஏர் பம்ப் மட்டும் நிற்கக் கூடாது.

பி.எச். 5.8 காட்டுகிறது. அமோனியாவும் ஏறிவிட்டது. மீன் நன்றாகத்தான் நீந்துகிறது. சுண்ணாம்பு போட்டால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். எவ்வளவு போடலாம்?
ஜெ. பி., எடப்பள்ளி

தம்பி, இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் தபாலில் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்: கைப்பிடி சுண்ணாம்பை எடுத்துக் கொட்டிவிடாதீர்கள்.

அமோனியா நீரில் இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று மீனுக்கு அவ்வளவாகக் கெடுதல் செய்யாதது, மற்றது கொல்வது. எது எவ்வளவு என்பதைப் பி.எச்., அதாவது நீர் எவ்வளவு புளிப்பு, எவ்வளவு காரம் என்று காட்டும் எண், தீர்மானிக்கிறது. 20 டிகிரி நீரில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் நூற்றுக்கு அரைப் பங்குகூட விஷ உருவம் இருக்காது. 8 ஆனால் நூற்றுக்கு 4. 9 ஆனால் 28. டெஸ்ட் கிட்டில் அமோனியா ஏறியிருந்தும் உங்கள் மீன் நன்றாக நீந்துவதற்குக் காரணம் அந்தத் தாழ்ந்த பி.எச்.தான். நீங்கள் சுண்ணாம்பைக் கொட்டி அதை ஒரே மணி நேரத்தில் 8.5க்கு ஏற்றினால், இத்தனை நாள் சும்மா இருந்த அமோனியாவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே சமயத்தில் விஷமாக எழும்பும். காலையில் எழுந்து பார்த்தால் ஒரு மீனும் இருக்காது. மலையில் மீன் சாவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம், இறந்த பிறகு யாருக்கும் காரணம் புரிவதுமில்லை.

பி.எச். ஏன் இறங்கியது? அமோனியாவை நைட்ரேட்டாக்கும் வேலையில் பாக்டீரியா நீரிலுள்ள காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும். கீழே கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பதால் அது தாக்குப் பிடிக்கும். நம் ஊற்று நீரில் கையிருப்பே இல்லை. பி.எச். 6க்குக் கீழே போனதும் பாக்டீரியா வேலையை நிறுத்திவிடுகிறது, அமோனியா தேங்குகிறது. உங்கள் தொட்டியில் நடந்திருப்பது இதுதான்.

முதலில் தீனியை நிறுத்தி, தினமும் கால் பங்கு நீர் மாற்றி அமோனியாவைக் குறையுங்கள். அது லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழே வந்த பிறகு, நொறுக்கிய கிளிஞ்சலை ஒரு துணிப்பையில் கட்டி நீர் விழும் இடத்தில் தொங்கவிடுங்கள். அது தேவைக்குத் தகுந்தபடி மெதுவாகக் கரையும், 7ஐத் தாண்டி அதிகம் போகாது. இது போதவில்லை என்றால் பொட்டாசியம் பைகார்பனேட் நல்லது. செடிக்குத் தேவையான பொட்டாசியமும் அதில் கிடைத்துவிடும். எதைச் சேர்த்தாலும் ஒரு நாளைக்கு பி.எச். 0.2க்கு மேல் உயரக் கூடாது. நிற்க வேண்டிய இடம் 6.8 முதல் 7 வரை. செடி இன்னும் கொஞ்சம் புளிப்பாகக் கேட்கும், பாக்டீரியா இன்னும் கொஞ்சம் காரமாகக் கேட்கும். இரண்டும் ஒத்துப்போகிற இடம் அது.

ஜூலையில் ஒரு வாரம் விடாத மழை. கூரைத் தண்ணீர் வீணாகிறதே என்று தொட்டியில் விட்டேன். மறுநாள் காலையில் பாதி மீன் செத்துக் கிடந்தது. டெஸ்ட் கிட்டில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் கொஞ்சம்கூடக் காட்டவில்லை. பக்கத்து வீட்டுத் தேயிலைக்கு மருந்து அடித்தார்கள், ஆனால் எங்கள் பக்கம் அடிக்கவில்லை.
எம். ஆர்., மஞ்சூர்

உங்கள் கூரை புதுத் தகரமா என்பதை நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம். மழை நீர் லேசான புளிப்பு உடையது, அதில் கரைந்த உப்பு என்று எதுவும் இல்லை. அது புதுத் தகரத்தின் மேல் ஓடும்போது துத்தநாகத்தைக் கரைத்துக்கொண்டு வரும். மென்மையான நீரில் துத்தநாகமும் தாமிரமும் மீனுக்குக் கொடிய விஷம்.

அதைவிட எனக்குச் சந்தேகம் தேயிலை மேல்தான். மழை மாதங்களில் கொப்புள நோய்க்கு அடிக்கும் மருந்து பெரும்பாலும் காப்பர் ஆக்ஸி குளோரைடு, அதாவது தாமிரம். மனிதனுக்கும் மாட்டுக்கும் ஒன்றும் ஆகாத அளவு தாமிரம் மீனின் செவுளைக் கெடுத்துவிடும். உங்கள் பக்கம் அடிக்கவே வேண்டாம், காற்றில் வந்த சாரல் கூரையில் படிந்து, அடுத்த மழையில் கழுவிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கியிருக்கும். அக்கம்பக்கத்தாரோடு சண்டைக்குப் போக வேண்டாம், அவர்கள் பயிரை அவர்கள் காப்பாற்றுகிறார்கள். எப்போது அடிக்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். அந்த வாரம் கூரை நீரை வெளியே விட்டுவிட்டு, தொட்டியைத் தார்ப்பாயால் மூடுங்கள்.

கூரை நீரே கதி என்பவர்கள் மழை தொடங்கி முதல் அரை மணி நேர நீரைத் தள்ளிவிட்டு, பிறகு வருவதை வேறு டிரம்மில் பிடித்து, கிளிஞ்சல் பை போட்டு இரண்டு நாள் வைத்துப் பயன்படுத்துங்கள். ஒரு தடவைக்குத் தொட்டியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தொட்டிக்குள் செம்புக் கம்பி, பித்தளை வால்வு, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் எதுவும் இருக்கக் கூடாது. நம் நீர் அவற்றை அரித்துவிடும். பி.வி.சி. போதும்.

ஜூன், ஜூலையில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இருக்காது. மீனை எப்படிக் காப்பாற்றுவது?
டி. எல்., கூடலூர்

கரண்ட் போன நிமிடத்திலிருந்து தீனியை நிறுத்துங்கள். மற்றது எல்லாம் காற்றுதான். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்றை இப்போதே வாங்கி வையுங்கள். 10 வாட் பம்ப் என்றால், காரிலிருந்து கழற்றிய 40 ஏ.எச். பேட்டரி பாதி இறங்குவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மோட்டாரை விட்டுவிட்டு ஏர் பம்பை மட்டும் அதில் கொடுங்கள். எதுவும் இல்லாதபோது குவளையால் நீரை மொண்டு ஒரு முழம் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருப்பதும் வேலை செய்யும், ஆனால் வீட்டில் ஆள் மாற்றி ஆள் செய்ய வேண்டியிருக்கும்.

இதில் மேலே இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். உயரம் கூடக் கூட நீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி நீரில் கடல் மட்டத்தில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் என்றால் ஊட்டி உயரத்தில் 7 தான். நீர் குளிர்ந்து 15க்கு வரும்போது ஏறத்தாழ 8 ஆகும் என்பதால்தான் நாம் சமாளிக்கிறோம். ஆகவே மே மாத மதிய வெயிலில் கரண்ட் போவது, ஜனவரி ராத்திரியில் போவதைவிட மோசம்.

ஜல்லிப் படுகையில் நீர் தேங்கி நின்றுவிட்டால் அதை வடித்துவிடுங்கள். ஈரமான ஜல்லியில் காற்றுப் பட்டால் பாக்டீரியா ஓரிரு நாள் பிழைத்திருக்கும். மூழ்கிக் கிடந்தால் செத்து நாற்றமடிக்கும், கரண்ட் வந்ததும் அந்த நீர் தொட்டிக்குள் போய் மீனைக் கெடுக்கும்.

மீன் குளத்தில் சாணம் போடுகிறார்களே, இதில் போடலாமா?
எஸ். என்., கேத்தி

கூடாது. அது மண் குளத்துக்கு. இங்கே அதே நீர் நாம் பச்சையாகச் சாப்பிடும் லெட்யூஸைத் தொடுகிறது. மாடு, கோழி, நாய் எதன் கழிவும் உள்ளே போகக் கூடாது. தொட்டியில் கை வைப்பதற்கு முன் கையைக் கழுவுங்கள், சோப்பு ஒட்டியிருக்காமல்.

ஊட்டி கேரட் வளர்க்கலாமா?
பெயர் இல்லை, குன்னூர்

ஜல்லியில் கேரட் கோணல் மாணலாகத்தான் வரும். அது மண்ணுக்கே உரியது. முள்ளங்கி ஓரளவு வரும்.

புது இலைகள் மஞ்சளாகின்றன, நரம்பு மட்டும் பச்சை. அதோடு அசுவினியும் பிடித்திருக்கிறது. வேப்பெண்ணெய் கரைசல் அடிக்கலாமா?
பி. ஏ., வில்பட்டி, கொடைக்கானல்

மஞ்சளுக்குக் காரணம் இரும்புச் சத்துக் குறைவு. மீன் தீவனத்தில் இரும்பு போதாது. உரக் கடையில் டி.டி.பி.ஏ. வகை இரும்பு, நூற்றுக்கு 11 பங்கு என்று எழுதியது கிடைக்கும். ஆயிரம் லிட்டருக்கு 18 கிராம், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. பாதியை இன்றும் பாதியை இரண்டு நாள் கழித்தும் கரைத்து ஊற்றுங்கள். நீர் சிவப்பாகத் தெரியும், பயப்பட வேண்டாம். பழைய இலையின் ஓரம் கருகினால் அது பொட்டாசியம், எடப்பள்ளித் தம்பிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

வேப்பெண்ணெய் வேண்டாம். எண்ணெயும் அதைக் கரைக்கப் போடும் சோப்பும் நீரில் இறங்கினால் மீனுக்கு ஆபத்து. புகையிலைக் கரைசல், பூண்டு மிளகாய்க் கரைசல் எல்லாமே அப்படித்தான். காலையில் இலையின் அடிப்பக்கத்தை விரலால் தடவி நசுக்குங்கள், அசுவினி மிகுதியாக அப்பிய செடியைப் பிடுங்கி எறியுங்கள். பொறிவண்டு வந்தால் விரட்டாதீர்கள். புழு என்றால் பி.டி. பாக்டீரியா மருந்து அடிக்கலாம், மீனை அது ஒன்றும் செய்யாது. கொடைக்கானல் மூட்டத்தில் இலை காயாமல் பூஞ்சை வரும். கூடாரத்தின் இரண்டு பக்கத்தையும் பகலில் தூக்கிக் கட்டுங்கள்.

பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கிற விலையில் குடும்பம் நடத்த முடியவில்லை. கடன் வாங்கி இருபது தொட்டி போடலாம் என்று இருக்கிறேன். லாபம் வருமா?
வி. கே., கீழ் கோத்தகிரி

தம்பி, தயவுசெய்து கடன் வாங்காதே. உன் கஷ்டம் எனக்குத் தெரியும், என் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் சிறு தேயிலை விவசாயிகள்தான்.

கணக்கைப் பார். ஆயிரம் லிட்டர் தொட்டி பத்துக் கிலோ மீனைத் தாங்கும். நல்ல வெயில் மாதத்தில் நாளைக்கு 150 கிராம் தீனி. ஒரு சதுர மீட்டர் கீரைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீனியின் சத்து வேண்டும், ஆக மூன்று சதுர மீட்டர் கீரை. அவ்வளவுதான் ஒரு தொட்டியின் வலிமை. குளிர் மாதங்களில் தீனி பாதிக்கும் கீழே போகும், கீரையும் அதோடு குறையும். ஒரு வீட்டுக்கு வாரம் முழுக்கக் கீரையும் அவ்வப்போது மீனும் என்பதற்கு இது அருமையான ஏற்பாடு. இருபது தொட்டியின் கரண்ட், தீவனம், வட்டி மூன்றையும் கட்டுவதற்கு இது போதாது. மண்ணும் ஊற்றும் உள்ள உன் சரிவில் அதே கீரையை நிலத்தில் போடுவது மலிவு.

அப்படியென்றால் மலையில் இது யாருக்கு? காட்டெருமையும் பன்றியும் ஒரு பாத்தியைக்கூட விட்டுவைக்காத ஊரில், வீட்டுச் சுவரை ஒட்டி வலைக்குள் கீரை வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு. தோட்டமே இல்லாத லைன் வீட்டில் இருப்பவர்களுக்கு. முதுகு வளைத்துக் கொத்த முடியாத வயதானவர்களுக்கு. உனக்கும் ஆசை இருந்தால் ஒரே ஒரு தொட்டி போடு. ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் அதோடு இரு. செலரி, பார்ஸ்லி, லெட்யூஸ் வாங்க உன் ஊரைச் சுற்றி எந்த விடுதி தயாராக இருக்கிறது, கிலோவுக்கு என்ன தருவார்கள் என்று நேரில் போய்க் கேட்டு எழுதி வை. அந்த நோட்டோடு எனக்கு மறுபடி எழுது. கட்டாயம் பதில் போடுகிறேன்.

இன்னொன்று, உங்கள் பக்கம் கரடி நடமாட்டம் அதிகம். மீன் தீவனத்தின் வாடை அதற்கு வெகு தூரத்திலேயே தெரியும். மூட்டையைத் திண்ணையில் வைக்காமல், இறுக மூடும் இரும்பு டிரம்மில் போட்டு வீட்டுக்குள் வை.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் தொட்டியில் கெண்டை பெருகிவிட்டது. பாவமாக இருக்கிறது, ஆற்றில் விட்டுவிடலாமா?
மாணவி, மசினகுடி

விடாதே கண்ணு. உன் இரக்கம் நல்லதுதான், ஆனால் அந்த ஆற்றில் ஏற்கெனவே குடியிருப்பவர்களையும் நினைக்க வேண்டும். உங்கள் ஊருக்கு அருகே ஓடும் மாயாற்றில் திமில் மகசீர் என்கிற மீன் இருக்கிறது. காவிரியையும் அதன் துணை ஆறுகளையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது, அழிவின் விளிம்பில் இருப்பது. கெண்டை அடிச் சேற்றைக் கிளறி நீரைக் கலக்கும், நீர்ச்செடிகளைப் பிடுங்கும், மற்ற மீனின் முட்டையையும் தின்னும். அது தொட்டியில் இருக்கும்வரைதான் நமக்கு நண்பன்.

மிஞ்சிய மீனைத் தொட்டி வைத்திருக்கும் வேறு வீட்டுக்குக் கொடு, இல்லையென்றால் அம்மாவிடம் குழம்புக்குக் கொடு. தொட்டியைக் கழுவும் நீரையும் ஓடையில் விடாதே. அதில் மீன் முட்டையோ நத்தையோ இருக்கலாம். வீட்டு வாழைக்கோ அவரைக் கொடிக்கோ ஊற்றிவிடு.